ஜெராய் மலையடிவாரத்தில் நடக்கவும் ஓடவும்: பீடோங்கிற்குப் புதிதாக வந்தவருக்கு

வேலை மாறி, குடும்பத்தோடு பீடோங்கிற்கு வந்திருக்கிறீர்கள். கோலாலம்பூரில் இருந்தவரை வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தினமும் ஓடிய உங்களுக்கு இங்கே அப்படி ஓர் இடம் கண்ணில் படவில்லை. கூட இருக்கும் அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் அவ்வப்போது மக்கர் செய்கிறது, ஆனாலும் காலை நடையை விட மனம் வராது. இருவரும் போகக்கூடிய, கண்ணுக்கும் குளிர்ச்சியான பாதைகள் இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் பெயர்ப்பலகை இருக்காது. கெடா மாநிலத்து பீடோங் ஒரு தோட்டத்து ஊர். கடைத்தெருவைத் தாண்டி ஐந்து நிமிடம் போனால் செம்பனையோ ரப்பரோ வந்துவிடும். மேற்கே ஜெராய் மலை, தென்மேற்கே செமிலிங்கைத் தொட்டுக்கொண்டு மெர்போக் ஆறும் அதன் அலையாத்திக் காடும், வடக்கே குருண், தெற்கே சுங்கை பட்டாணி. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் இந்தத் துண்டு நிலத்தில் சமதரை, மேடு, காட்டுப்பாதை, ஆற்றங்கரை எல்லாமே அரைமணி நேர கார் ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு வகையான நடையை இத்தனை பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் தீபகற்பத்தில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

எங்கே போவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் மேற்குக்கரையில் பொழுது தாமதமாகத்தான் விடியும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதனால் பீடோங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது, பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. தோட்டச் சாலையில் விளக்கு கிடையாது, நாய் உண்டு, பாம்பும் உண்டு. ஆறே முக்காலிலிருந்து ஏழுக்குள் வெளிச்சம் தட்டும் நேரத்தில் கிளம்பி, ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிடுவதுதான் இந்த ஊருக்குச் சரிப்படும். ஒன்பதுக்கு மேல் வெயில் தலையில் இறங்கிவிடும். மாலையில் நடக்க விரும்பினால் ஐந்தரைக்குப் பிறகு, வானத்தைப் பார்த்துவிட்டு. பிற்பகல் இடியும் மின்னலும் இந்த நாட்டில் சாதாரணம், திறந்த வெளியில் அதோடு விளையாடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். வீட்டு வாசலில் நின்று முதலில் ஜெராய் மலையைப் பாருங்கள். 1,217 மீட்டர் உயரம். கெடாவிலேயே உயரமான மலை என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல, பேராக் எல்லையில் இருக்கும் பிந்தாங் மலை இதைவிட உயரம். ஆனால் ஜெராய் கடலுக்குப் பக்கத்தில், வேறு மலைகளோடு சேராமல் தனியாக நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்கள் கரையை அடையாளம் கண்டது இந்த மலையை வைத்துத்தான். தனியாக நிற்பதாலேயே கடல் காற்று அதன்மேல் மோதி மேலேறி மேகமாகிவிடுகிறது. கீழே பீடோங்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டோ கொட்டென்று கொட்டும். உச்சி தெளிவாகத் தெரிந்தால் எந்தப் பாதைக்கும் போகலாம். வெள்ளை மேகம் மெல்லிசாக மூடியிருந்தால் கவலையில்லை. கருமேகம் இடுப்பு வரை இறங்கியிருந்தால் அன்றைக்கு அருவி, ஓடை, மலைப்பாதை எதுவும் வேண்டாம், தோட்டத்துச் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தைத் துப்பா அருவியைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

சரி, தோட்டத்துச் சாலையிலிருந்து தொடங்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உங்கள் அப்பாவுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பெயர்பெற்றது ஹார்வர்ட் தோட்டம். அமெரிக்க ரப்பர் நிறுவனம் ஒன்று நடத்திய பெரிய தோட்டம் அது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவுகள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் நிற்கின்றன. இந்தப் பக்கத்துச் செம்மண் சாலைகள் லாரியும் டிராக்டரும் போவதற்காகப் போட்டவை. அதனால் அகலம் தாராளம், ஏற்றஇறக்கம் மென்மை. செம்மண் தரை தார்ச்சாலையைவிட முழங்காலுக்கு இதம். ஒரு மேட்டில் ஏறினால் முன்னால் ஜெராய் முழுசாகத் தெரியும். காலையில் மேற்கு நோக்கி நடந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், அதே வெயில் மலையின் முகத்திலும் விழும். ஓடைப் பள்ளங்களும் பாறை முகடுகளும் அப்போது தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் இதே மலை வெளிறிப்போய்விடும். படம் எடுக்க ஆசைப்பட்டால் அந்தக் காலை நேரத்தை விடாதீர்கள்.

செம்பனைக் காட்டுக்கும் ரப்பர் காட்டுக்கும் நடையில் பெரிய வேறுபாடு உண்டு. செம்பனை இருட்டாக, ஈரமாக இருக்கும். வெட்டிய மட்டைகளை நிரைக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள், அதன் முள் பொல்லாதது. எலி பிடிக்கக் கூகைகளை வளர்ப்பதற்கென்று கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதையும் சில இடங்களில் பார்க்கலாம். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். அதனால் சாலையின் நடுவிலேயே நடங்கள், மட்டைக் குவியலுக்குள் காலை வைக்காதீர்கள். நீளக் கழியில் அரிவாள் கட்டிப் பழக்குலை அறுப்பவர்கள் கண்ணில் பட்டால் தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், அது விழும் திசை அறுப்பவருக்கே சில நேரம் தெரியாது.

ரப்பர் காடு வேறு மாதிரி. கெடா இன்னும் ரப்பரைக் கைவிடாத மாநிலம், சிறுதோட்டக்காரர்கள் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழும், காற்று ஓடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன் இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, காடே நிறம் மாறிவிடும். அப்புறம் சில வாரங்களில் இளந்தளிர் விட்டுப் பச்சையாகிவிடும். நான்கு பருவம் இல்லாத நம் நாட்டில் இலையுதிர்காலத்தைக் கண்ணால் பார்க்க இது ஒன்றுதான் வழி. அந்த மாதங்களில் சுங்கை பட்டாணியிலிருந்தோ பினாங்கிலிருந்தோ உறவினர் யார் வந்தாலும் நேராக இங்கே கூட்டிப்போங்கள்.

விடியும் முன்னே பால்வெட்டுக்குப் போகும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் பெரட்டுக் களத்தில் இருட்டிலேயே ஆள் கணக்கு எடுத்து, தலைவிளக்கோடு நிரைக்கு அனுப்புவார்கள். நீங்கள் உடற்பயிற்சிக்காக நடக்கும் இந்தச் சாலையில் உங்கள் தாத்தா பாட்டி தலைமுறையினர் வாளியும் உளியுமாக நடந்திருக்கிறார்கள். அப்பாவை அழைத்துப்போனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வரும்.

இந்தச் சாலைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இந்த ஹார்வர்ட் தோட்டத்தில்தான் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தொழிலாளி மானத்தோடு வாழ வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த இயக்கம் கெடாவின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல், வேலை நிறுத்தம், போலீசோடு மோதல் என்று பெரிய கொந்தளிப்பே நடந்தது. இதற்கு ஒரு கல்வெட்டாவது இந்தச் சாலையோரம் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது வரும் வரை நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் வழி.

ஒரு முக்கியமான விஷயம்: தோட்டம் தனியார் நிலம். நுழைவாயிலில் ஜாகா (காவலாளி) இருந்தால் நின்று கேளுங்கள், இன்ன இடத்திலிருந்து வருகிறோம், நடக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். மருந்து அடிக்கும் நாளாக இருந்தால் அவர்களே வேண்டாம் என்பார்கள், அதை மதியுங்கள். மழைக்கு மறுநாள் செம்மண் வழுக்கும், மேடு இறங்கும்போது அப்பா ஒரு கைத்தடி வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்து நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், நின்று, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

கார் ஓட்ட மனமில்லாத நாளில், அல்லது செம்மண் சேறாகிக் கிடக்கும் நாளில், சுங்கை பட்டாணியில் ஜூபிலி பேராக் பூங்கா இருக்கிறது. பாதை போட்டிருக்கிறது, மர நிழல் இருக்கிறது, நடப்பதற்குக் கூட்டமும் இருக்கும். ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டுப் பயிற்சி செய்ய அது வசதி. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது மேற்கே போவோம். பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாக மெர்போக் போகும் சாலை. இந்த ஒரு சாலையில் மட்டும் பல விடுமுறை நாள்களைக் கழிக்கலாம். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம்தான். சாலையிலேயே ஓட வேண்டாம், ஓரம் குறுகல், லாரி வரும். காரில் போய் இறங்கி நடக்கும் இடங்கள் இவை.

முதலில் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு 2009 முதல் இங்கே அகழ்ந்து வருகிறது. அதற்கு முன் இது செம்பனைத் தோட்டம். மண்ணுக்கு அடியில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், காற்று ஊதப் பயன்படுத்திய சுடுமண் குழாய்கள், செங்கல் கட்டடங்களின் அடித்தளம், பழைய ஆற்றங்கரைப் படகுத்துறை என்று கிடைத்தன. எவ்வளவு பழையது என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய எட்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு, அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் ஆயிரம் ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் இரும்புத்தொழில் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. நடக்கும் தூரம் குறைவுதான், சமதரை, வெயில் அதிகம். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மெர்போக்கின் புக்கிட் பத்து பஹாட். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இங்கேதான். மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே, பக்கத்தில் ஓடை சலசலக்கும் இடத்தில், கருங்கல்லால் ஆன சண்டி, அதாவது பழங்காலக் கோயில் ஒன்று இருக்கிறது. நம்மவர் கண்ணுக்கு உடனே புரியும்: இது விமானம், இது மண்டபம் என்று இரண்டு பகுதியாகப் பிரித்துக் காணலாம். தூண்களை நிறுத்த வட்டமாகக் குடைந்த கற்கள் மண்டபத்தில் வரிசையாக இருக்கும். தூண்களும் கூரையும் மரம் என்பதால் அழிந்துவிட்டன, கல் மட்டும் மிஞ்சியது. குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1930-களில் இதை அகழ்ந்தார். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் கற்களை அடுக்கித் திரும்ப எழுப்பினார்கள். வேறு இடங்களில் கிடைத்த சண்டிகள் சிலவற்றையும் இதே வளாகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு சுற்று நடந்தாலே பல நூற்றாண்டுகளைப் பார்த்துவிடலாம்.

கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் சொல்லும் நிலம் இதுதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை இந்தப் பக்கம் வந்தது, அவன் கடாரம்கொண்டான் என்று பெயர் எடுத்தான். ஆனால் இங்கே நின்று படையெடுப்பை மட்டும் நினைத்துப் பெருமைப்பட்டுவிட்டுத் திரும்புவது போதாது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் வணிகர்களும் கைவினைஞர்களும் துறவிகளும் வந்து போன துறைமுகம் இது. சீனப் பீங்கானும் இந்திய மணியும் ஒரே மண்ணில் கிடைக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போனால் இதைச் சொல்லுங்கள். 2013-இல் இந்தப் பள்ளத்தாக்கின் சண்டி ஒன்று வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டதையும் சொல்லுங்கள், மிஞ்சியிருப்பதை மதிக்க அது கற்றுக்கொடுக்கும்.

அருங்காட்சியக வளாகத்தில் படிக்கட்டும் ஏற்றமும் உண்டு, ஆனால் செங்குத்து இல்லை. அப்பா நிதானமாக ஏறலாம், ஓடை அருகே உட்காரலாம். குரங்குகள் இருக்கும், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். அதற்குள் சாப்பாடு இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும்.

இதே சாலையிலிருந்து மலைப்பக்கம் திரும்பினால் துப்பா. காட்டு அருவி, வனத்துறையின் பொழுதுபோக்குக் காடு. பாறைமேல் தண்ணீர் வழுக்கி இறங்கும், கீழே குளிக்கும் மடு. அருவியோரமாக மேலேறும் பாதை உண்டு. வேரும் பாறையும் நிறைந்த ஏற்றம், நிழல் முழுக்க. உங்களைப் போல ஓடிப் பழகியவருக்குத் தொடையை உரமாக்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. அப்பா கீழேயே நின்றுவிடுவது நல்லது. ஈரப் பாறையில் முழங்கால் வலிக்காரர் ஏறக் கூடாது. மழைக்காலத்தில் அட்டை இருக்கும், காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு போங்கள்.

முன்னால் சொன்ன மேக விஷயம் இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டது. மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்வார்கள். உச்சியில் பெரும் மழை பெய்யும்போது ஓடைகளில் மரமும் மண்ணும் சேர்ந்து தற்காலிக அணைபோல அடைத்துக்கொள்ளும். அது உடைந்தால் கீழே ஒரே வீச்சில் சேற்று வெள்ளம் பாய்ந்து வரும். அருவியடியில் இருப்பவர் தலைக்கு மேல் வானம் நீலமாகக்கூட இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் இப்படித்தான் நடந்தது. யான் பக்கமும் மெர்போக் பக்கமும் கட்டைகளும் பாறைகளும் உருண்டு வந்து, வீடுகள் சேதமாகி, உயிர்களும் போயின. அந்த வெள்ளம் கொண்டுவந்த பாறைகளை ஓடைகளில் இன்றும் காணலாம்.

அதனால் அருவிக்குப் போகும்போது கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே இரைச்சல் கூடினால், உடைமையை எடுக்க நிற்காமல் கரையேறி, ஓடையிலிருந்து விலகி, மேட்டுக்குப் போங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக் கூடாது, பக்கவாட்டில் ஏற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு அழைத்துப்போங்கள். அருவிப்பகுதிகளை அவ்வப்போது மூடுவார்கள், கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மூடியிருந்தால் கயிற்றைத் தாண்டி உள்ளே போக வேண்டாம்.

மலைமேல் போக ஆசை இருந்தால் குருண் பக்கம் வாருங்கள். அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் தார்ச்சாலை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சைக்கிள்காரர்களும் மலையோட்டக்காரர்களும் இதை விரும்புவார்கள். முழுத் தூரத்தையும் முதல் நாளே ஓட நினைக்காதீர்கள். பாதித் தூரம் காரில் ஏறி, அங்கிருந்து மேலே நடந்து, திரும்பி இறங்குவது நல்ல தொடக்கம். இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும், ஏற்றம் அல்ல. ஏறும்போது நடந்துவிட்டு இறங்கும்போது ஓடுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். வளைவுகளில் மலைச்சுவர்ப் பக்கமாக ஒட்டி நடங்கள், இறங்கும் வண்டிகளின் பிரேக்கை நம்பாதீர்கள்.

மேலே போகப் போகக் காடு மாறுவதைக் கவனியுங்கள். கீழே பெருமரங்கள், மேலே குட்டை மரங்கள், பாசி படர்ந்த பாறைகள், ஓரத்தில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். மண் சத்தில்லாத குவார்ட்சைட் பாறை என்பதால் செடி பூச்சியிடமிருந்து சத்து எடுத்துக்கொள்கிறது. அவற்றைப் பிடுங்காதீர்கள். தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் வனத்துறை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் யானிலிருந்து வடக்கே விரியும் நெல்வயல். உச்சிமுனையில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் கட்டுப்பாட்டுப் பகுதியும் இருப்பதால் அதுவரை போக முடியாது. மேலே கொஞ்சம் குளிரும், வியர்வையோடு போனால் நடுங்கும். அப்பாவுக்கு ஒரு மேலாடை எடுத்துப்போங்கள். நடக்க முடியாவிட்டாலும் அவரைக் காரில் மேலே அழைத்துப்போய்க் காற்று வாங்க வைக்கலாம்.

மலையின் மறுபக்கமான யானில் தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி, பத்து ஹம்பார் என்று அருவிகள் உண்டு. அழகுதான், எச்சரிக்கை எல்லாம் துப்பாவுக்குச் சொன்னதே. டுரியான் பருவத்தில் யான் பக்கம் போனால் நடை எதற்குப் போனோம் என்பதே மறந்துபோகும்.

யானில் நான் அதிகம் பரிந்துரைப்பது அருவியை அல்ல, வயலை. மூடா பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் நேர்கோடாக ஓடும், அவற்றின் கரையில் வண்டிப்பாதை. துளிக்கூட ஏற்றமில்லை. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடச் சிறந்த தரை கிடையாது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளைவதால் நாற்றின் இளம்பச்சையோ, கதிர் முற்றிய மஞ்சளோ, நீர் தேங்கிய கண்ணாடியோ, ஏதோ ஒன்று கண்ணுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஜெராய் வேறொரு முகத்தோடு நிற்கும். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் வாரங்களில் மட்டும் போக வேண்டாம், புகை நெஞ்சை அடைக்கும். வயலில் நிழலே இல்லை, தொப்பி கட்டாயம்.

மாலை நடைக்கு ஓர் இடம்: தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் சேரும் வாயில். மீனவர் ஊர். நெத்திலியும் மற்றக் கருவாடும் வெயிலில் காயும் வாசனை தெரு முனையிலேயே வரவேற்கும். ஆற்றுக்கு அந்தக் கரையில் பந்தாய் மெர்டேக்கா, படகில் கடந்து போகலாம். கடற்கரையில் ஈரமணல் கெட்டியாக இருக்கும், கடல் நீர் இறங்கிய நேரத்தில் ஓடிப் பாருங்கள். செமிலிங் படகுத்துறைப் பக்கம் அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களையும், சேற்றில் துள்ளும் மீன்களையும், மேலே வட்டமிடும் செம்பருந்தையும் அப்பா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கொசு மருந்து மட்டும் மறக்க வேண்டாம்.

வாரத்தில் எந்த நாள் என்பதும் இங்கே வேறு கணக்கு. கெடாவில் அரசு விடுமுறை வெள்ளியும் சனியும். அருவியும் மலைச்சாலையும் அந்த இரு நாளும் நிரம்பி வழியும். ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். உங்கள் வேலையில் ஞாயிறு விடுமுறை கிடைத்தால் காலையில் துப்பாவோ அருங்காட்சியகமோ கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பல இடங்கள் அடைத்திருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் மழை அதிகம், அப்போது தோட்டமும் வயலும் போதும். வறண்ட மாதங்களில் மலைக்குப் போகலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள்: 100-ஐத் தாண்டினால் ஓடுவதை நிறுத்துங்கள், அப்பா வெளியே நடப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

முதல் மாதத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வேலை நாள்களில் காலையில் வீட்டுக்கு அருகே இருக்கும் தோட்டத்துச் சாலையில் இருவரும் அரைமணி நேரம், நீங்கள் மட்டும் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வந்து அப்பாவோடு சேர்ந்துகொள்ளலாம். ஒரு விடுமுறை நாள் மெர்போக் சண்டி, இன்னொரு நாள் யான் வாய்க்கால் கரை. துப்பாவும் மலைச்சாலையும் உங்கள் கால் பழகியபின். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது, ஈரப்பதம் அதிகமான ஊரில் வியர்வை காயாமல் உடம்பு சூடேறிக்கொண்டே போகும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். அப்பா ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எந்தப் பாதைக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், தோட்டத்துக்குள்ளும் மலைச்சரிவிலும் போன் சிக்னல் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.